கடல் தந்த ஓய்வு: கிளந்தான் கரையோர மக்களின் பொழுதுபோக்குகள்

மலாய் மக்களைச் சோம்பேறிகள் என்று நூல்களில் எழுதி வைத்தவர்கள் யாவர் என்பதை நம்மவருள் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. யாரோ சொன்னார்கள், நம் பாட்டன்மார் கேட்டார்கள், பிறகு அப்பேச்சு நம் வீட்டுத் திண்ணையிலும் உலவத் தொடங்கிவிட்டது. ஆனால் அதற்கு ஊரும் உண்டு, பேரும் உண்டு. 1896 இல் மலாய் இணைப்பு நாடுகளின் முதல் தலைமை ரெசிடெண்டாக அமர்ந்து, பின்னர் நீரிணைக் குடியேற்றங்களின் ஆளுநராக உயர்ந்தவர் சர் பிராங்க் சுவெட்டன்ஹாம். அவர் 1906 இல் வெளியிட்ட 'பிரிட்டிஷ் மலாயா' என்னும் நூலில், உழைப்பில் நாட்டமின்மையை மலாய்க்காரரின் முதன்மையான இயல்பாகக் காட்டியிருக்கிறார். அவர் ஒருவர் மட்டுமல்லர். அக்காலத்துத் துரைமார் பலர் இதையே திருப்பித் திருப்பி எழுதினர்.

அதே துரைமார் தமிழனைப் பற்றியும் எழுதினர். அடக்கமானவன், சொன்னதைச் செய்பவன், குறைந்த கூலிக்குக் கிடைப்பவன் என்றனர். முன்னதை இகழ்ச்சி என்றும் பின்னதைப் புகழ்ச்சி என்றும் நாம் எடுத்துக்கொண்டோம். உண்மையில் இரண்டும் ஒரே தராசில் நிறுத்தவை. தோட்டத்து வேலைக்கு வருகின்றவன் நல்லவன், வாராதவன் சோம்பேறி என்பதே அத்தராசு. சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகத்தில் மலாய் ஆய்வுத் துறைக்குத் தலைமை தாங்கிய பேராசிரியர் சையத் உசேன் அலாத்தாஸ், 1977 இல் வெளியிட்ட தம் நூலில் இத்தராசை எடுத்து வைத்து, அதன் முள் எப்படிச் சாய்க்கப்பட்டது என்று விளக்கினார். மலாயர், சாவகர், பிலிப்பினோ மக்கள் ஆகிய மூவர் மீதும் சோம்பேறிப் பட்டம் எவ்வாறு சூட்டப்பட்டது என்பதே அந்நூலின் பொருள். தமிழ் வாசகர்கள் அதனைப் படிக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

இக்கட்டுரையில் நான் எடுத்துக்கொண்டது அவ்வளவு பெரிய பொருளன்று. தும்பாட் முதல் பாச்சோக் வரை நீண்டு கிடக்கும் கிளந்தான் கடற்கரையில், மீன் பிடித்து வாழ்ந்த சிற்றூர் மக்கள் தம் ஓய்வு நேரத்தை எவ்வாறு கழித்தனர் என்பதே என் கேள்வி. கேள்வி எளிது. ஆனால் அதற்கு விடை தேடப் புகுந்தால், துரைமார் கண்ட 'சோம்பல்' எதுவாக இருந்தது என்பதும் உடன் விளங்கிவிடும்.

கடலின் நாட்காட்டி

தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்குப் 'பிரட்டு' என்றால் விளக்கம் தேவையில்லை. பொழுது விடியுமுன் ஆளைக் கூட்டிப் பெயர் படித்து வேலைக்கு அனுப்புவது பிரட்டு. ஆண்டில் எந்த நாளாயினும் மணி ஒன்றுதான். மீனவனுக்கு அப்படி ஒரு மணி இல்லை. அவனுக்குப் பிரட்டு எடுத்தது காற்று.

பாய்மரக் காலத்தில் கிளந்தான் மீனவர் இருட்டோடு எழுந்து, நிலத்திலிருந்து கடல் நோக்கி வீசும் காற்றைப் பாயில் பிடித்து வெளியேறுவர். நண்பகலுக்குப் பின் காற்றின் திசை மாறும். கடலிலிருந்து கரையை நோக்கி வீசும். அக்காற்றில் அவர்கள் திரும்புவர். மீனைக் கரை சேர்த்து, பங்கு பிரித்து, வலையை உலர்த்திவிட்டால் மாலைப்பொழுது அவர்களுடையது. வெள்ளிக்கிழமை கடலுக்குப் போவதில்லை. நவம்பர் தொடங்கி வடகிழக்குப் பருவக்காற்று அடிக்கும் மாதங்களில், அலை மலைபோல் எழும். ஆற்று முகத்துவாரங்களைக் கடந்து படகு வெளியேற முடியாது. அப்போது கடலே கதவைச் சாத்திவிடுகிறது. பிற்பகலில் படகுத்துறைப் பக்கம் குதிரையில் வந்த துரை, மர நிழலில் உட்கார்ந்திருக்கும் ஆடவர் கூட்டத்தைக் கண்டிருப்பார். அவர்கள் விடியுமுன் கடலில் இருந்தது அவர் கண்ணில் பட்டிராது.

இது கிளந்தானுக்கு மட்டும் உரியதன்று. பூம்புகார்ப் பரதவர் முழுநிலா நாளில் கடலுக்குச் செல்லாமல், சுறாவின் கொம்பை நட்டு வழிபட்டு, உண்டும் ஆடியும் மகிழ்ந்த செய்தியைப் பட்டினப்பாலை சொல்கிறது. கடலோரத்தில் ஓய்வு என்பது உழைப்பிலிருந்து திருடி எடுத்த நேரமன்று. உழைப்பின் முறைக்குள்ளேயே வகுக்கப்பட்ட நேரம்.

இதைக் கணக்குப் போட்டுக் காட்டியவர்கள் ரேமண்ட் ஃபெர்த், ரோஸ்மேரி ஃபெர்த் என்னும் தம்பதியர். நியூசிலாந்தில் பிறந்து இலண்டனில் பணியாற்றிய மானிடவியலாளர் ரேமண்ட் ஃபெர்த். இவ்விருவரும் 1939–40 இல் பாச்சோக் வட்டாரத்துப் பெருப்போக் என்னும் மீனவர் ஊரில் தங்கினர். ஒவ்வொரு நாளும் எத்தனை படகுகள் போயின, என்ன பிடிபட்டது, என்ன விலைக்குப் போயிற்று, பங்கு எப்படிப் பிரிந்தது என்று கணவர் எழுதி வைத்தார். எந்த வீட்டில் என்ன சமைத்தார்கள், எதற்கு எவ்வளவு செலவு செய்தார்கள் என்று மனைவி எழுதி வைத்தார். மனைவியின் நூல் 1943 இலும் கணவரின் நூல் 1946 இலும் வெளிவந்தன. அந்நூல்களில் நாம் காணும் மீனவன் கடன், முதல், பங்கு, பருவம் எல்லாவற்றையும் கணக்கிட்டு நடக்கும் ஒரு தொழிலாளி. பல படகுகள் கூடி இழுக்கும் 'புக்காட் தாக்கூர்' என்னும் தூக்கு வலைக்குத் தலைவராக விளங்கியவர் 'ஜூரு செலாம்'. அவர் நீரில் இறங்கித் தலையை அமிழ்த்தி, மீன் கூட்டத்தின் ஒலியைக் காதால் கேட்டு, அது என்ன மீன், வலை போடலாமா என்று முடிவு செய்வார்! இத்தகைய புலமையைச் சோம்பேறி ஒருவன் எந்தப் பள்ளியில் கற்றிருப்பான்?

பட்டமும் பம்பரமும்

பருவமழை ஓய்ந்து, நெல் அறுவடையும் முடிந்த பின் கிளந்தானின் வயல்கள் காய்ந்து கிடக்கும். அப்போது தொடங்கும் விளையாட்டுகளுள் தலையாயது பட்டம். மலாய் மொழியில் இதற்கு 'வாவ்' என்று பெயர். இறக்கையின் வளைவு அரபு எழுத்தாகிய 'வாவ்' போல் இருப்பதால் இப்பெயர் வந்தது என்பர் ஒரு சாரார். சயாமிய மொழியிலும் பட்டத்துக்கு ஏறத்தாழ இதே பெயர்தான் என்பதைக் காட்டுவர் மற்றொரு சாரார். கிளந்தான் சயாமை ஒட்டிய நாடு. 1909 வரை சயாமின் மேலாதிக்கத்தில் இருந்த நாடு. எனவே இரண்டாம் கூற்றே எனக்குப் பொருத்தமாகத் தோன்றுகிறது.

நம் பிள்ளைகள் ஈர்க்குச்சியும் செய்தித்தாளும் கொண்டு ஒட்டும் பட்டத்தை எண்ணிக்கொண்டு வாவைப் பார்க்கக்கூடாது. பிறை வடிவம் அமைந்த 'வாவ் பூலான்' ஓர் ஆள் உயரத்தையும் கடந்து நிற்கும். நன்றாக முற்றிய மூங்கிலைப் பிளந்து, சீவி, இரு பக்க எடையும் மயிரிழை பிசகாமல் சமன் செய்து சட்டம் கட்டுவர். அதன்மேல் வண்ணத்தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, கொடியும் பூவுமாக வெட்டி அழகு செய்வர். கொடி ஒரு வேரிலிருந்து கிளம்பிப் படர்ந்து செல்ல வேண்டும். நடுவில் அறுந்து நிற்கக்கூடாது என்பது வேலைப்பாட்டின் நெறி. தலைப்பகுதியில் வில்போல் ஒரு மூங்கிலைப் பொருத்தி, அதில் மெல்லிய ஓலை நாடாவைக் கட்டுவர். 'புசூர்' எனப்படும் அந்த வில் காற்றில் ரீங்காரம் செய்யும். பட்டத்தை உயரே ஏற்றிக் கயிற்றைக் கட்டிவிட்டால், இருட்டிய பின்னும் அந்த ஒலி ஊர்மேல் கேட்டுக்கொண்டே இருக்கும்.

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் என்னோடு தங்கியிருந்த பாச்சோக் நண்பர் ஒருவர் சொல்வார்: "எங்கள் அப்பா படுக்கையில் கிடந்தபடியே பட்டத்தின் ஓசையைக் கேட்டுக் காற்று மாறுவதைச் சொல்லிவிடுவார்." அவர் தந்தை மீனவர். காலையில் படகை வெளியே கொண்டு செல்வதா வேண்டாமா என்பதற்கு அந்த ஓசையும் ஒரு குறிப்பு. பிற்பகலில் படகை வீடு சேர்க்கும் கடற்காற்றே பட்டத்தையும் ஏற்றுகிறது என்பதை எண்ணிப் பார்த்தால், இந்த விளையாட்டு மீனவரிடையே வேரூன்றியதில் வியப்பில்லை.

பம்பரத்துக்கு மலாயில் 'காசிங்' என்று பெயர். கிளந்தானின் பெரிய காசிங் தட்டைப்போல் அகன்றது. கட்டையின் விளிம்பில் ஈயம் அல்லது வெள்ளீய வளையம் பூட்டியது. 5 கிலோகிராம் அளவுக்கு எடை உடையது. தடித்த கயிற்றைச் சுற்றி, ஆள் முழு உடலையும் சுழற்றி அதனை வீச வேண்டும். களிமண் தளத்தில் விழுந்து சுழலும் பம்பரத்தை மற்றொருவர் மெல்லிய மரத்துடுப்பால் வழித்தெடுத்து, உச்சியில் உலோகக் குழி பதித்த சிறு கம்பத்தின்மேல் நிறுத்துவார். பிறகு செய்ய வேண்டியது ஒன்றுமில்லை, காத்திருக்க வேண்டும். ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம், கைதேர்ந்தவர் விட்டதாயின் இரண்டு மணி நேரம் வரை அது நின்று சுழலும். சுற்றியிருந்தவர்கள் பேசிக்கொண்டும் புகை பிடித்துக்கொண்டும் இருப்பர். இதையும் ஒரு விளையாட்டு என்று அவசரக்காரர் ஒப்பமாட்டார்கள்.

வட்டமாக நின்று பிரம்புப் பந்தைக் காலால் தட்டும் 'செப்பாக் ராகா' கரைக்கு மட்டும் உரியதன்று, நாடெங்கும் இருந்தது. மலாக்கா சுல்தான் மன்சூர் ஷாவின் மகன், தன் தலைப்பாகையைப் பந்து தட்டிவிட்டதென்று பெண்டஹாரா துன் பேராக்கின் மகனைக் கொன்ற கதையைச் 'செஜாரா மெலாயு' கூறுகிறது. அவ்விளையாட்டுக்கு நடுவில் வலை கட்டிப் போட்டியாக ஆக்கியது 20 ஆம் நூற்றாண்டில்தான்.

நிழலில் வந்த இராமன்

இனி நம் நெஞ்சுக்கு நெருங்கிய பொருளுக்கு வருவோம். கிளந்தான் சிற்றூர்களின் இரவுப் பொழுதை ஆண்ட கலை வாயாங் கூலிட் என்னும் தோற்பாவை நிழற்கூத்து. நான்கு கால் நட்டுத் தரைக்குமேல் உயர்த்திக் கட்டிய ஒரு சிறு குடில், மூன்று பக்கம் அடைப்பு, முன்பக்கம் வெண்திரை, உள்ளே ஒற்றை விளக்கு. விளக்குக்கும் திரைக்கும் இடையே ஒருவர் அமர்ந்து, தோலில் வெட்டிய பாவைகளை ஆட்டி, அரசனாகவும் அரக்கனாகவும் பெண்ணாகவும் கோமாளியாகவும் குரல் மாற்றிப் பேசுவார். அவர் 'டாலாங்'. அவருக்குப் பின்னால் மத்தளக்காரரும் கோங்கு அடிப்பவரும் தாளக்காரரும், நாதசுரத்தின் இனத்தைச் சேர்ந்த 'செருனாய்' ஊதுபவரும் அமர்ந்திருப்பர். இரவுத் தொழுகைக்குப் பின் தொடங்கும் ஆட்டம் நள்ளிரவைத் தாண்டிச் செல்லும். கதை ஓரிரவில் முடியாது. அடுத்த இரவும் வர வேண்டும்.

அக்கதை இராமகதை. ஆனால் நாம் அறிந்த இராமகதை என்று எண்ணிக்கொண்டு போய் உட்கார்ந்தால் திகைக்க நேரிடும். அங்கே இராமன் செரி ராமா; சீதை சித்தி தேவி; இலக்குவன் லக்சமானா; இராவணன் மகாராஜா வானா. அனுமன் வெள்ளைக் குரங்கு, அவன் செரி ராமாவுக்கே மகன்! இராமனும் சீதையும் ஒரு குளத்தில் நீராடிக் குரங்குருக் கொண்ட காலத்தில் கருவானவன் என்று காரணம் கூறுவர். இராவணனையும் வெறும் கொடியவனாக ஒதுக்கிவிடாமல், கதையை அவன் பெயராலேயே வழங்குவர். மலாய் எழுத்திலக்கியத்திலும் இக்கதை பழையது. 'ஹிக்காயாட் செரி ராமா'வின் ஒரு கையெழுத்துப் படி 1633 இல் இங்கிலாந்தின் லாட் பேராயரிடம் போய்ச் சேர்ந்து, பின்பு ஆக்ஸ்போர்டின் பாட்லியன் நூலகத்துக்கு உரியதாயிற்று. எஞ்சியிருக்கும் மலாய்க் கையெழுத்துப் படிகளுள் அது மிகப் பழையவற்றைச் சேர்ந்தது.

இராமனைக் கண்டவுடன் எல்லாம் நம்மிடமிருந்து போனதே என்று மார்தட்டுவோர் நம்மில் உண்டு. அது புலமையாகாது. கதையின் வித்து இந்தியாவிலிருந்து வந்தது; அதில் ஐயமில்லை. அது எவ்வெவ் வழியாக வந்தது என்பதில் அறிஞர்கள் பல கருத்துடையவர்கள். மரம் வளர்ந்தது கிளந்தான் மண்ணில். அதற்குச் சான்று வேண்டுவோர் பாக் டோகோலையும் வாக் லோங்கையும் பார்த்தால் போதும். கரிய உடலும் பெருத்த வயிறும் உடைய பாக் டோகோல், வேலைக்காரக் கோமாளியாக வேடம் பூண்ட பெருந்தெய்வம். அவன் தன் உடல் அழுக்கிலிருந்து படைத்த துணைவன் வாக் லோங். இவர்கள் வான்மீகியிலும் இல்லை, கம்பனிலும் இல்லை. இவர்கள் திரையில் தோன்றியதும் பேச்சு கிளந்தான் வட்டார வழக்குக்கு மாறிவிடும். ஊர் விலைவாசியும், மீன் வணிகனின் தராசும், ஊர்த்தலைவரின் நடையும் கேலிக்கு உள்ளாகும். பகலில் வாய் திறக்க முடியாதவன் இரவில் வாக் லோங்கின் வாயால் சிரித்தான்.

இக்கூத்து இரவோடு நின்றுவிடவுமில்லை. கிளந்தான் படகின் முன்பக்கத்தில் பாய்மரத்தையும் பாயையும் தாங்கி வைக்க 'பாங்காவ்' என்னும் செதுக்குக் கட்டை இருக்கும். அதில் பறவை, நாகம் ஆகியவற்றோடு நிழற்கூத்துப் பாத்திரங்களையும் செதுக்கி வண்ணம் தீட்டினர். முதல் நாள் இரவு திரையில் கண்ட உருவம் மறுநாள் விடியலில் படகின் முகப்பில் கடலுக்குப் போயிற்று.

கூத்துகள் எல்லாம் திரண்டு வந்த பெருவிழா 'பூஜா பந்தாய்'. முதற்சொல் நமக்கு விளக்கம் வேண்டாதது. 'பந்தாய்' என்றால் கடற்கரை. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கரையில் பந்தலிட்டு, எருமை பலியிட்டுக் கடலின் தேவதைகளுக்குப் படைப்பர். அதையொட்டிப் பல இரவுகள் நிழற்கூத்தும், மாக் யோங் நாடகமும், சிலாட் தற்காப்புக் கலையும் நடக்கும். மாக் யோங்கில் அரசன் வேடத்தையும் பெண்ணே ஏற்பாள். 'ரெபாப்' என்னும் நரம்பிசைக் கருவி அவளுடன் பாடும். இவ்விழா இஸ்லாத்துக்கு ஒவ்வாதது என்னும் கண்டனம் வலுப்பெற்று, 20 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மறைந்துபோயிற்று.

இதுவரை சொன்னவற்றில் பெண்கள் எங்கே என்று வாசகியர் கேட்கலாம். முறையான கேள்வி. ஆடவர் கரைக்கு வந்ததும் அவர்கள் ஓய்வு தொடங்கியது. பெண்களுக்கோ அப்போதுதான் வேலை தொடங்கியது. மீனை விற்பதும், உப்பிட்டு உலர்த்துவதும், சந்தைக்குச் சுமப்பதும் அவர்களுடையவை. கிளந்தான் சந்தைகளில் பெண்களே வணிகம் நடத்துவது இன்றும் கண்கூடு. அவர்கள் வீட்டு நிழலில் உட்கார்ந்து ஆடிய ஆட்டம் 'சொங்காக்'. பார்த்தவுடன் நம் பாட்டிமார், "இது பல்லாங்குழி அல்லவா?" என்பர். ஆம், ஒரே குடும்பத்து ஆட்டந்தான். ஆனால் நம் பலகையில் ஏழும் ஏழுமாகப் பதினான்கு குழிகளே பெரும்பாலும் இருக்கும். சொங்காக்கில் இரு முனைகளிலும் 'வீடு' என்னும் பெருங்குழி ஒவ்வொன்று கூடுதலாக உண்டு. நாம் சோழியும் புளியங்கொட்டையும் இடுவோம். அவர்கள் சோழியும் சாகா விதையும் இடுவர். சாகா என்பது நம் ஆனைக்குன்றிமணி. சொங்காக் பலகையைப் படகு வடிவில் செதுக்குவர்.

ஓய்வு என்றவுடன் எல்லாம் இன்பமாக இருந்தது என்று எழுதினால் அது வரலாறாகாது. பந்தயம் கட்டிச் சேவலையும் காளையையும் மோதவிட்டுக் கைப்பொருள் இழந்தவர்கள் உண்டு. பருவமழை மாதங்களில் கடல் தந்த ஓய்வு பசியோடு வந்தது. வலையைப் பழுது பார்த்தும், சிறு நிலத்தில் நெல் பயிரிட்டும் காலம் தள்ளினர். அதுவும் போதாதபோது மனைவியின் நகை அடகுக்குப் போயிற்று, படகு முதலாளியிடம் கடன் ஏறிற்று. காற்று திரும்பியதும் அக்கடனை அடைக்கவே முதல் மீன் பிடிக்கப்பட்டது. ஆயினும் அந்த மீனவன் தோட்டத்துக்குக் கூலியாக வாராததற்குக் காரணம் தெளிவு. நெல்லும் மீனும் இருக்கும்வரை அவனுக்கு அது தேவைப்படவில்லை. தேவைப்படாதவனைத் துரை சோம்பேறி என்றார். கடல் கடந்து வந்து திரும்பிச் செல்ல வழியற்றிருந்த நம்மவரை நல்ல உழைப்பாளி என்றார்.

நமக்கும் தோட்டத்தில் ஓய்வு இருந்தது; காமன் கூத்தும் தப்பாட்டமும் இருந்தன. ஆனால் எந்த இரவு கூத்து, எதுவரை கூத்து என்பதை மறுநாள் பிரட்டு முடிவு செய்தது. விடிய விடியக் கூத்து ஆடியவன் விடிந்ததும் பால்வெட்டுக்குப் போனான். பெருப்போக்கில் ஃபெர்த் தம்பதியர் வைத்ததுபோல் ஒரு தோட்டத்து லயத்தின் மாலைப்பொழுதுகளை நாள்தோறும் எழுதி வைத்திருந்தால், இரு கரைகளின் ஓய்வையும் இன்று அருகருகே வைத்துப் படிக்கலாம். இப்போதும் முதியோர் சிலர் இருக்கிறார்கள். பள்ளி மாணவர்களைக் கொண்டே கேட்டு எழுதத் தொடங்கலாம்.

காற்றின் காலம் முடிந்தது

இந்த வாழ்க்கையை மாற்றியது எது? சமயத் தடைதான் என்று பலர் விரைந்து விடை கூறுவர். காலவரிசையைப் பார்த்தால் அதற்கு முன்பே இரண்டு வந்துவிட்டன.

முதலாவது இயந்திரம். 1963 இல் ஃபெர்த் மீண்டும் பெருப்போக் பக்கம் வந்தபோது, பழைய தூக்கு வலை பின்தங்கி, மோட்டார்ப் படகும் சுருக்கு வலையும் முன்னுக்கு வந்திருந்தன. 1966 இல் வெளிவந்த தம் நூலின் இரண்டாம் பதிப்பில் இம்மாற்றங்களையும் சேர்த்து எழுதினார். இயந்திரப் படகுக்குக் காற்றின் அனுமதி தேவையில்லை. அது இரவிலும் போகும், தொலைவிலும் போகும். முதல் போட்டவன் அதை வெறுமனே நிறுத்தி வைக்க மாட்டான். பிற்பகலில் எல்லாரும் ஒருசேரக் கரையில் இருப்பது என்னும் வழக்கம் குலைந்தது. கூத்துக்கு வேண்டிய கூட்டமும் அதனோடு குலைந்தது. பாய் போனதும் பாய்மரத்தைத் தாங்கிய பாங்காவுக்கும் வேலையில்லாமற் போயிற்று. அது இப்போது அரும்பொருளகத்திலும் பழம்பொருள் வாங்குவோர் வரவேற்பறையிலும் இருக்கிறது.

இரண்டாவது தொலைக்காட்சி. 1963 டிசம்பர் 28 இல் மலேசியாவில் ஒளிபரப்பு தொடங்கியது. அது கரையோரச் சிற்றூர்களை எட்டச் சில ஆண்டுகள் ஆயின. எட்டிய பிறகு, திரைக்கு முன் கூடியிருந்தவர்கள் வேறொரு திரைக்கு முன் கூடினர்.

மூன்றாவதாக வந்தது தடை. 1990 இல் பாஸ் கட்சி கிளந்தான் ஆட்சியை மீண்டும் கைப்பற்றியபின், இஸ்லாத்துக்கு முற்பட்ட வழிபாட்டுக் கூறுகள் உள்ளவை என்னும் காரணத்தால் மாக் யோங், நிழற்கூத்து போன்றவை கட்டுப்படுத்தப்பட்டன. 1998 இல் கேளிக்கைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இயற்றப்பட்டது. அதே மாக் யோங்கை 2005 இல் யுனெஸ்கோ நிறுவனம் மாந்தகுலத்தின் அருங்கலைச் செல்வம் என்று அறிவித்தது. பிறந்த மண்ணில் மேடையேற முடியாத கலைக்கு உலக மன்றத்தில் மாலை விழுந்தது! சமயத்தைப் போற்றும் மக்களின் மனத்தை நான் குறை கூற வரவில்லை; தம் நம்பிக்கைக்கு எது பொருந்தும் என்று முடிவு செய்வது அவர்கள் உரிமை. ஆனால் அக்கலைஞர்களும் அதே நம்பிக்கையில் வாழ்ந்தவர்களே என்பதை மட்டும் குறிப்பிட்டே ஆக வேண்டும்.

பட்டத்துக்கும் பம்பரத்துக்கும் இத்தொல்லை நேரவில்லை; அவற்றில் தெய்வம் பேசுவதில்லை. அவை நாட்டின் சின்னங்களாயின. மலேசிய விமான நிறுவனம் வாவைத் தன் சின்னமாகக் கொண்டது. 1989 இல் பேங்க் நெகாரா வெளியிட்ட காசுகளில் 50 சென்னில் வாவ், 10 சென்னில் சொங்காக், 5 சென்னில் காசிங், 1 சென்னில் 'ரெபானா ஊபி' என்னும் பெருமுரசு. நான்காம் ஆண்டு மாணவர்களுக்கு இக்காசுகளைக் காட்டி, எது என்ன என்று கேட்டிருக்கிறேன். பம்பரத்தைச் சொல்லிவிடுவார்கள். சொங்காக்கைப் 'பல்லாங்குழி, சார்' என்பார்கள். முரசை எவரும் சொன்னதில்லை. தும்பாட் வட்டாரத்து ஸ்ரீ துஜோ கடற்கரையில் அனைத்துலகப் பட்ட விழாக்கள் நடந்தன. கோத்தா பாருவின் கெலாங்காங் செனி என்னும் கலைக்கூடத்தில் சுற்றுப்பயணிகளுக்காகப் பம்பரமும் முரசும் நிழற்கூத்தும் காட்டப்பட்டன. அங்கே ஆட்டம் குறித்த நேரத்தில் தொடங்கிக் குறித்த நேரத்தில் முடியும். பேருந்து காத்திருக்கும் அல்லவா!

மாக் யோங் மீதான தடையைக் கிளந்தான் அரசு 2019 இல், சமய நெறிக்கு உட்பட்ட நிபந்தனைகளுடன் தளர்த்தியது. பாய்மரக் காலத்தில் கூத்து முடியும்வரை கண்விழித்துப் பார்த்த தலைமுறை அதற்குள் எழுபதைக் கடந்துவிட்டிருந்தது. அவர்களுடைய பேரப்பிள்ளைகளுள் பலர் கோலாலம்பூரிலும் ஜொகூரிலும் தொழிற்சாலைகளில் இருந்தார்கள். மணி அடித்தால் வேலைக்குப் போய், மணி அடித்தால் திரும்பி, ஹரி ராயாவுக்கு மட்டும் ஊர் வந்து சென்றார்கள்.